பழைய காரில் பிரேக் பெடல் ஆழமாகப் போகிறதா? மிதி எங்கே தொலைகிறது என்று கண்டுபிடிக்கும் முழு வழிமுறை

அம்பாசிடரோ, பத்மினியோ, ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ, மோரிஸ் மைனரோ, பெடலை மிதித்தால் மேல் பாதியிலேயே கால் கெட்டியாக நிற்க வேண்டும். முக்கால்வாசி இறங்கிய பிறகுதான் பிடிக்கிறது, அல்லது இரண்டாவது மிதிக்குத்தான் பிடிக்கிறது என்றால் அந்த வண்டியைப் பெங்களூர் சில்க் போர்டு சிக்னல் நெரிசலுக்குள் ஓட்டிப் போகாதீர்கள். பழைய வண்டிகளில் பெரும்பாலும் பிரேக் எண்ணெய்ப் பாதை ஒன்றே ஒன்றுதான். ஒரு இடத்தில் எண்ணெய் போனால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். மிச்சமிருப்பது ஹேண்ட் பிரேக் மட்டும்.

பெங்களூரில் இந்தப் புகாரோடு ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைப் பக்கம் போனால் முதலில் கைக்கு வருவது மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் எண்ணெயைத் தள்ளும் பம்ப்) கிட், அதாவது அதன் ரப்பர் பாகங்களின் தொகுப்பு. கூடவே, எண்ணெய்ப் பாதையில் புகுந்த காற்றை வெளியேற்றச் சொல்லி, "ஏர் எடுத்தால் சரியாகிடும்" என்பார்கள். இரண்டும் தவறான வைத்தியம் இல்லை. நோய் என்னவென்று பார்க்காமல் செய்யும் வைத்தியம், அவ்வளவே. ஆழமான பெடலுக்கு முதல் காரணம் பெரும்பாலும் எண்ணெய்ப் பாதையில் இருக்காது. சக்கரத்தோடு சுழலும் டிரம்முக்கும், உள்ளிருந்து அதை அழுத்திப் பிடிக்கும் ஷூவுக்கும் நடுவே விழுந்திருக்கும் இடைவெளியில் இருக்கும். அதைச் சரிசெய்ய ஒரு ஸ்பேனரும் ஒரு காலைப் பொழுதும் போதும். எதையும் கழற்றும் முன், மிதி எந்த இடத்தில் வீணாகிறது என்று கண்டுபிடிப்பதே வேலையில் பாதி.

அரை மில்லிமீட்டர் செய்யும் வேலை

ஷூவைத் தள்ளுவது வீல் சிலிண்டர். முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் ஒற்றைப் பிஸ்டன் சிலிண்டர் இரண்டு, பின்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரட்டைப் பிஸ்டன் சிலிண்டர் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 8 பிஸ்டன்கள். கணக்கு எளிதாக இருக்க, மாஸ்டர் சிலிண்டரும் வீல் சிலிண்டர்களும் ஒரே விட்டம், 7/8 அங்குலம் என்று கொள்வோம். ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டையான லைனிங் தேய்ந்து ஒவ்வொரு பிஸ்டனும் கூடுதலாக 0.5 மி.மீ. நகர வேண்டியிருந்தால், மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் 4 மி.மீ. கூடுதலாக நகர வேண்டும். பெடலின் நெம்புகோல் விகிதம் 5-க்கு 1 என்றால் உங்கள் கால் 20 மி.மீ. கூடுதலாக இறங்கும்.

சக்கரத்தில் கண்ணுக்கே தெரியாத அரை மில்லிமீட்டர், காலடியில் இரண்டு சென்டிமீட்டர். இந்த ஒரு கணக்கு மனதில் நின்றுவிட்டால், அட்ஜஸ்ட்மென்ட்டைத் தொடாமல் கிட் மேல் கிட் மாற்றியும் பெடல் ஏன் ஏறவில்லை என்பது புரிந்துவிடும்.

முதலில் அளவு

மரச் சட்டமோ எஃகு ஸ்கேலோ ஒன்று எடுங்கள். எஞ்சின் நின்றிருக்கட்டும். பெடலின் முகப்பிலிருந்து தரைத் தகடு வரை, தரைவிரிப்பை விலக்கிவிட்டு, நான்கு அளவுகள் எழுதிக்கொள்ளுங்கள்:

பெடல் சும்மா இருக்கும்போது. விரலால் மெல்ல அழுத்தி முதல் தடை தட்டும்போது. காலால் ஒரே மிதியாக மிதித்து கெட்டியாகும்போது. வேகமாக மூன்று முறை மிதித்து, நாலாவதில் பிடித்து நிறுத்தும்போது.

முதல் இரண்டு அளவுகளின் வித்தியாசம் வெறும் ஆட்டம். பல பழைய வண்டிகளுக்கு அது 3 முதல் 6 மி.மீ. வரை இருக்கலாம். உங்கள் வண்டியின் மேனுவல் வேறு அளவு சொன்னால் அதுவே சரி. மூன்றாவது அளவில், பெடல் மொத்தம் போகக்கூடிய தூரத்தில் பாதியாவது தரைக்கு மேல் மிச்சம் இருக்க வேண்டும். மூன்றுக்கும் நான்குக்கும் உள்ள வித்தியாசம்தான் நோயின் பெயரைச் சொல்லும்.

மெக்கானிக்கிடம் போவதானாலும் இந்த அளவுகளோடு போங்கள். சிவாஜி நகரிலும் அல்சூரிலும் தமிழ் பேசும் பழைய கைகள் இன்னும் இருக்கிறார்கள். "பெடல் கீழே போகுது அண்ணா" என்பதைவிட, "முதல் மிதியில் 11 சென்டிமீட்டர் இறங்குது, பம்ப் அடிச்சா 5-லயே நிக்குது அண்ணா" என்று சொன்னால் அவர் கை நேராக டிரம்முக்குப் போகும், கிட் டப்பாவுக்குப் போகாது.

கால் சொல்லும் சேதி

முதல் மிதி ஆழம், அடுத்தடுத்த மிதிகளில் பெடல் மேலே வந்து கல் மாதிரி நிற்கிறது என்றால், எண்ணெய்ப் பாதை பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. இடைவெளிதான் அதிகம். அல்லது மாஸ்டர் சிலிண்டர் வாயில் இருக்கும் செக் வால்வு வேலை செய்யவில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

பம்ப் அடித்தால் ஏறுகிறது, ஆனால் பஞ்சு மாதிரி அமுங்குகிறது என்றால் காற்று. இல்லையென்றால் புடைக்கும் ஹோஸ் (எண்ணெய் போகும் ரப்பர் குழாய்). அதுவும் இல்லையென்றால் டிரம்மின் வளைவோடு பொருந்தாத புது லைனிங்.

பெடல் கெட்டியாக நின்று, அழுத்திப் பிடித்திருக்கும்போது ஒரு நிமிடத்தில் மெல்ல மெல்ல இறங்குகிறது என்றால், எங்கோ கசிவு. வெளியே ஈரம் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் பிரைமரி ரப்பர் கப் (பிஸ்டனின் முன்னால் எண்ணெயை அடைத்துத் தள்ளும் கிண்ண வடிவ ரப்பர்) எண்ணெயைப் பின்பக்கம் விடுகிறது. சிக்னலில் லேசாக மிதித்து நிற்கும்போது இறங்கி, அழுத்தி மிதித்தால் நிற்பதும் இதே நோய்தான். அழுத்தம் குறைவாக இருக்கும்போது கப்பின் உதடு சுவரோடு ஒட்டுவதில்லை.

இன்னொரு சோதனை, ஒரு நிமிட வேலை. ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு பெடலை மிதியுங்கள். மிதி சட்டென்று குறைந்தால் பின்சக்கர ஷூக்கள் தளர்ந்திருக்கின்றன.

பெடலும் பின்னும்

சக்கரத்துக்குப் போகும் முன் தலையை டேஷ்போர்டுக்குக் கீழே விடுங்கள். பெடல் ஆடும் இடத்திலுள்ள புஷ் (bush, உள்வளையம்), மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனைத் தள்ளும் கம்பியான புஷ் ராட்டைப் (push rod) பிடித்திருக்கும் கிளெவிஸ் பின், அதன் துளை மூன்றும் தேய்கிற இடங்கள். நாற்பது ஐம்பது வருடமாக ஒரே பின் ஆடிக்கொண்டிருந்தால் அதன் நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். அங்கே 1 மி.மீ. தேய்மானம் என்றால் பெடலில் 5 மி.மீ. கிளெவிஸ் பின்னின் விலை அற்பம். துளை முட்டை வடிவமாகியிருந்தால் கடைசல் பட்டறையில் புஷ் அடித்துக்கொள்ளலாம்.

ஒருவர் மிதிக்க, இன்னொருவர் மாஸ்டர் சிலிண்டர் மாட்டியிருக்கும் தகட்டைப் பார்க்கட்டும். துரு தின்ற ஃபயர்வால் உள்ளே வெளியே அசைவது கண்ணாலேயே தெரியும். போல்ட் தளர்ந்திருந்தாலும் அப்படியே. மோரிஸ் மைனரில் மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. கார்ப்பெட்டைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும். மழைக்காலத் தண்ணீர் தரைவிரிப்புக்கு அடியில் ஊறிக் கிடக்கும் வண்டியில் அந்த இடத்தைத் தனியாகக் கவனியுங்கள்.

புஷ் ராட்டை நீளமாக்கிப் பெடலை மேலே கொண்டுவந்து "சரிசெய்வது" ஒரு கெட்ட வழக்கம். புஷ் ராட் முனைக்கும் பிஸ்டனுக்கும் நடுவே சுமார் 1 மி.மீ. விட்டே ஆக வேண்டும். அந்த இடைவெளி போனால் பிஸ்டன் முழுமையாகப் பின்னால் வராது. கப், எண்ணெய் திரும்பும் சிறு துளையை மூடிக்கொண்டே நிற்கும். ஓட ஓட எண்ணெய் சூடாகி விரியும், போக வழியிருக்காது, பிரேக் தானாகவே பிடிக்கும். பெடல் அருமையாக மேலே இருப்பதுபோலத் தெரியும். ஹெப்பால் மேம்பாலத்தின் நடுவில் நான்கு சக்கரமும் இறுகி வண்டி நிற்கும்.

ஷூவை இறுக்கிப் பார்க்கும் சோதனை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஆக்சில் ஸ்டாண்டு வேண்டும். ஹாலோ பிளாக் எடை ஏறினால் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். ஒரு அச்சைத் தூக்கும்போது மறு அச்சின் சக்கரங்களுக்குக் கட்டை போடுங்கள். ஹேண்ட் பிரேக்கை முழுதாக விடுங்கள். கேபிள் அட்ஜஸ்டரையும் தளர்த்துங்கள். கேபிள் இழுத்த நிலையில் இருந்தால் பின் ஷூக்கள் ஏற்கெனவே இருப்பிடத்தைவிட்டு எழும்பி நிற்கும், அதன்மேல் செய்யும் அட்ஜஸ்ட்மென்ட் எல்லாம் பொய்.

அட்ஜஸ்டர் வண்டிக்கு வண்டி வேறு. டிரம்மின் உள்பக்கத்தை மூடும் பேக் பிளேட்டின் பின்னால் சதுரத் தலை நீட்டிக்கொண்டிருப்பது ஒரு வகை. அதில் ஆப்பு வடிவம் என்றால் கால் சுற்றுக்கு ஒரு முறை "டக்" என்று விழும். இன்னொரு வகையில் டிரம் முகத்திலுள்ள துளை வழியாக ஸ்க்ரூ டிரைவர் விட்டு நத்தை வடிவக் கேமைத் திருப்ப வேண்டும். மூன்றாவது வகையில் பல் சக்கரம். சதுரத் தலைக்கு அதற்கான ஸ்பேனரே வேண்டும். பிளையர் போட்டால் முனை மழுங்கி, அடுத்த தடவை யாராலும் திருப்ப முடியாது. துரு இருந்தால் முந்தைய நாள் இரவே ஊடுருவும் எண்ணெய் விட்டு வையுங்கள்.

இனி நான்கு சக்கரத்திலும் அட்ஜஸ்டரை இறுக்கி, டிரம் கையால் திரும்பாத அளவுக்குப் பூட்டுங்கள். பிறகு பெடலை அளந்து பாருங்கள்.

பெடல் மேலேயே கெட்டியாக நின்றால் மாஸ்டர் சிலிண்டர், பைப், ஹோஸ், எண்ணெய் எல்லாம் பாஸ். கோளாறு டிரம்முக்குள். இன்னும் ஆழமாகவோ பஞ்சாகவோ போனால் கோளாறு எண்ணெய்ப் பாதையில், அல்லது பெடலில். பாதி ஏறி, ரப்பர் போல எதிர்த்தால் லைனிங் வளைவைச் சந்தேகியுங்கள்.

பெடல் ஏறியிருந்தால், இப்போது ஒவ்வொரு சக்கரமாகச் சரியான அளவுக்குத் தளர்த்துங்கள். டிரம் தடையில்லாமல் சுற்ற வேண்டும், லேசான உரசல் சத்தம் மட்டும் கேட்கலாம். ஒரு சக்கரம் தளர்த்தியதும் பெடலை ஒரு முறை மிதித்து ஷூக்களை நடுவில் உட்கார வைத்து, மறுபடி சுற்றிப் பார்த்து, பெடலை அளந்து எழுதுங்கள். மூன்று சக்கரத்துக்கு 4, 5 மி.மீ. இறங்கி, ஒரு சக்கரத்துக்கு மட்டும் 20 மி.மீ. இறங்கினால் அந்த டிரம்மைத்தான் திறக்க வேண்டும்.

பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. முன்சக்கரத்தில் இரண்டு ஷூவும் முன்னணி ஷூவாக (டிரம்மின் சுழற்சியே மேலும் இறுக்கும் ஷூ) இருக்கும் அமைப்பில், ஒவ்வொரு ஷூவுக்கும் தனித்தனி அட்ஜஸ்டர் இருக்கும். மேலே உள்ளதைத் திருப்பிவிட்டு, கீழே இருப்பதைச் சேறு மூடியிருப்பதால் பார்க்காமலே விட்டுவிடுவார்கள். இரண்டு முன்சக்கரத்திலும் இப்படி ஒன்று விட்டுப்போனால் பெடல் என்றைக்கும் ஏறாது. எண்ணிப் பார்த்து, இரண்டு என்றால் இரண்டையும் திருப்புங்கள்.

ஹேண்ட் பிரேக் கேபிளைக் கடைசியில்தான் சரிசெய்ய வேண்டும். ஷூ சரியானால், தளர்த்திய அளவுக்குத் திரும்ப இறுக்கினாலே பெரும்பாலும் போதும்.

டிரம்மைத் திறந்தால்

தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியை ஒரு கவரில் கட்டிப் போடுங்கள். பக்கத்தில் யாராவது கம்ப்ரசர் பைப்பை எடுத்து வந்தாலும் தடுத்துவிடுங்கள்.

ரிவெட் அடித்த லைனிங் என்றால் ரிவெட் தலைக்கு மேல் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். 1 மி.மீ.-க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். வீல் சிலிண்டரின் டஸ்ட் கவரை மெல்ல விலக்குங்கள். உள்ளே லேசான ஈரப்பசை பெரிய குற்றமில்லை. சொட்டாக வழிந்தால் சிலிண்டரை மாற்றுங்கள். பின்சக்கரத்தில் ஈரம் இருந்தால் ஒரு சோதனை உண்டு. விரலில் தொட்டுத் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். கரைந்து போனால் பிரேக் ஆயில். திரண்டு மிதந்தால், கந்தக வாடை அடித்தால், ஆக்சில் சீல் வழியாக வந்த கியர் ஆயில். இரண்டில் எது நனைத்த லைனிங்கும் பெட்ரோலில் கழுவினால் மீளாது, மாற்ற வேண்டும். மாற்றும்போது அந்த அச்சின் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் புதிதென்றால் வண்டி இழுக்கும்.

அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டிகளில் வீல் சிலிண்டர் பிஸ்டன் துருவால் ஒட்டிக்கொள்வது அதிகம். இரட்டைப் பிஸ்டனில் ஒன்று ஒட்டிக்கொண்டால் அந்தப் பக்க ஷூ வேலையே செய்யாது, எதிர்ப்பக்கம் மட்டும் தேயும். ஒரு ஷூ மொட்டையாகவும் இன்னொன்று புதிதுபோலவும் இருந்தால் காரணம் பெரும்பாலும் அதுவே.

டிரம்மின் உள்விட்டத்தை நான்கு திசைகளில் அளக்க வேண்டும். ஓவலாகியிருந்தால் பெடல் காலடியில் துடிக்கும். அதோடு, குறுகிய பகுதி உரசாமல் இருக்க ஷூவைத் தளர்த்தியே வைக்க வேண்டியிருக்கும், மிதி அங்கே போய்விடும். கடைசலில் கொடுத்தால் எவ்வளவு வரை கடையலாம் என்ற எல்லையை மேனுவலில் பார்த்துச் சொல்லுங்கள். பல டிரம்களுக்கு மூல விட்டத்தைவிட சுமார் 1.5 மி.மீ. தான் எல்லை. அதைத் தாண்டினால் சுவர் மெலிந்து, மிதிக்கும்போது டிரம்மே விரியும். சூடானால் இன்னும் விரியும்.

கடைந்த டிரம்முக்குச் சாதாரண அளவு லைனிங் போட்டால் என்ன ஆகும்? டிரம்மின் வளைவு பெரிது, ஷூவின் வளைவு சிறிது. ஷூவின் நடுப்பகுதி மட்டும் தொடும், இரு முனைகளும் எட்டாது. மிதிக்க மிதிக்க ஷூ வளைந்து கொடுக்கும். அதுதான் காலுக்குப் பஞ்சாகத் தெரிவது. ஏர் எத்தனை முறை எடுத்தாலும் போகாத பஞ்சு இது. லைனிங்கின் மேல் சாக்பீஸ் தேய்த்து, டிரம்முக்குள் வைத்துக் கையால் உரசிப் பாருங்கள். சாக்பீஸ் நடுவில் மட்டும் அழிந்தால் பொருத்தமில்லை. தடிமன் கூடிய லைனிங் ஒட்டி, அந்த டிரம்முக்கே வளைவு பிடித்துத் தரச் சொல்லுங்கள். லைனிங் ஒட்டக் கொடுக்கும்போது ஷூவை மட்டும் கொடுக்காமல் டிரம்மையும் கையோடு கொண்டுபோவது இதற்காகத்தான்.

வீல் பேரிங் ஆட்டத்தையும் இப்போதே பார்த்துவிடுங்கள். டிரம் ஆடினால் ஷூவைச் சரியாக நெருக்கி வைக்கவே முடியாது.

எண்ணெய்ப் பாதையில் தேடுவது

ஷூக்களைப் பூட்டியும் பெடல் ஏறவில்லையா? முதலில் கண்ணால் தேடுங்கள். பைப் இணைப்புகள், பின் ஆக்சில் மேல் உள்ள டி-இணைப்பு, மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்கம். பிரேக் லைட்டுக்கு எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் சுவிட்ச் இருந்தால் அதையும் பாருங்கள். அந்தச் சுவிட்ச் வழியாகக் கசிந்து, ஒயர் வழியே வழிந்து போவதை எளிதில் கவனிக்க முடியாது.

பிறகு ஹோஸ். ஒருவர் அழுத்தி மிதிக்க, இன்னொருவர் ஹோஸைக் கையால் பிடித்துப் பாருங்கள். விரலுக்கடியில் புடைத்தால் அதுதான் திருடன். வெளிப்புறம் வெடிப்பு விட்டிருந்தாலோ, பத்து வருடம் தாண்டியிருந்தாலோ சோதனையே வேண்டாம், மாற்றிவிடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் முன்னால் இரண்டு, பின் ஆக்சிலுக்கு ஒன்று, ஆக மூன்றுதான்.

ஹோஸ் புதிதாக, ரப்பராக இருந்தால் கிளாம்ப் சோதனை செய்யலாம். உருண்டை விளிம்புள்ள பிரேக் ஹோஸ் கிளாம்ப் மூன்றால் மூன்று ஹோஸையும் நசுக்கி அடைத்துவிடுங்கள். பல்லுள்ள கிரிப் பிளையர் வேண்டாம், உள்சுவர் கிழியும். எஃகு வலை சுற்றிய ஹோஸிலும் இதைச் செய்யக்கூடாது. மூன்றும் அடைத்த பிறகும் பெடல் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர். கெட்டியாக நின்றால், ஒவ்வொரு கிளாம்ப்பாக எடுங்கள். எதை எடுத்ததும் பெடல் விழுகிறதோ அந்தக் கிளையில் காற்றோ கசிவோ இருக்கிறது.

மாஸ்டர் சிலிண்டர்: மாற்றும் முறை வந்தால்

கழற்றிய பிறகு முதலில் துளைச் சுவரைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். நகத்தில் தட்டுப்படும் குழி இருந்தால் எந்த கிட்டும் நிற்காது. லேசான கறை என்றால் நுண்ணிய ஹோன் (தேய்ப்புக் கல்லால் உள்சுவரை மெருகேற்றுவது) செய்யலாம். குழி மறையும்வரை ஹோன் செய்து துளையைப் பெரிதாக்கினால், அழுத்தத்தில் கப்பின் உதடு பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே சிக்கிக் கிழியும். அரிய வண்டி, புது சிலிண்டர் கிடைக்காது என்றால் உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போடுவது நிலையான வழி.

கிட் வாங்கும்போது விட்டத்தைச் சிலிண்டர் உடலில் வார்த்திருக்கும் எழுத்திலிருந்து படித்துச் சொல்லுங்கள். அம்பாசிடர் உற்பத்தியே 2014-ல் நின்றுவிட்டது. அதற்கும் முந்தைய மாடல்களுக்குக் கடையில் கிடைப்பது பல சமயம் பழைய இருப்பு. ரப்பர் கப்பை விரலால் மடக்கிப் பாருங்கள். விறைத்திருந்தாலோ மடிப்பில் கோடு விழுந்தாலோ வேண்டாம். "இதுவும் பொருந்தும்" என்று வேறு விட்டமுள்ள முழு சிலிண்டர் தருவார்கள். 7/8 அங்குலத்துக்குப் பதில் 3/4 அங்குலம் மாட்டினால், அதே எண்ணெயைத் தள்ளப் பிஸ்டன் சுமார் 36 சதவீதம் கூடுதலாக நகர வேண்டும். பெடல் மெத்தென்று, லேசாக, ஆழமாகப் போகும். "முன்பெல்லாம் நன்றாக இருந்தது, சிலிண்டர் மாற்றிய பிறகுதான்" என்ற புகாரில் இதை முதலில் பாருங்கள்.

அடுத்தது செக் வால்வு. நான்கும் டிரம்மாக உள்ள வண்டிகளில், மாஸ்டர் சிலிண்டரின் வெளிவாயில் ஒரு சிறு வால்வு இருக்கும். பெடலை விட்ட பிறகும் பாதையில் சுமார் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைப் பிடித்து வைப்பது அதன் வேலை. அந்தச் சிறு அழுத்தம்தான் வீல் சிலிண்டர் கப்களின் உதட்டைச் சுவரோடு ஒட்டி வைத்து, காற்று உள்ளே நுழையாமல் காக்கிறது. கிட் மாற்றும்போது பழைய ஸ்பிரிங்கோடு இதையும் குப்பையில் போட்டுவிடுவதோ, தலைகீழாக மாட்டுவதோ நடக்கும். கிளட்ச்சுக்கான சிலிண்டரை பிரேக்குக்குப் போட்டாலும் வால்வு இருக்காது. விளைவு: அட்ஜஸ்ட்மென்ட் எல்லாம் சரி, காற்றும் இல்லை, ஆனால் சற்று நேரம் மிதிக்காமல் ஓட்டிவிட்டு மிதித்தால் முதல் மிதி ஆழம்.

பிஸ்டன் தலைக்கும் கப்புக்கும் நடுவே மெல்லிய உலோக வாஷர் ஒன்று உண்டு. அதை மறந்தால் கப் பிஸ்டனின் துளைகளுக்குள் இழுபட்டு சீக்கிரமே கிழியும். கழற்றும்போதே வரிசையாகத் துணியில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் பாகங்களைப் பிரேக் ஆயிலிலேயே நனைத்து மாட்டுங்கள். எஞ்சின் ஆயிலோ கிரீஸோ பட்டால் ரப்பர் ஊதிப்போகும்.

மாட்டும் முன் வைஸில் பிடித்து, ஆயில் ஊற்றி, பிஸ்டனை மெல்லத் தள்ளித் தள்ளிக் குமிழ் நிற்கும்வரை காற்றை வெளியேற்றுங்கள். இதைச் செய்யாமல் வண்டியில் மாட்டினால் சிலிண்டருக்குள் சிக்கிய குமிழை நான்கு சக்கரம் வழியாக விரட்டுவது பெரும்பாடு.

ஆயிலும் ஏர் எடுப்பதும்

பெரும்பாலான வண்டிகளுக்கு டாட் 3 அல்லது டாட் 4 தரப் பிரேக் ஆயில் போதும். டாட் 5 சிலிக்கான் வகை, மற்ற இரண்டோடும் கலக்கவே கூடாது. அதைக் குலுக்கினால் நுண்குமிழ் பிடித்துக்கொள்ளும், பெடலும் சற்று மெத்தென்றே இருக்கும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 155 வரை இறங்கலாம். நந்தி மலையிலிருந்து இறங்கும் வளைவுகளில் பெடல் திடீரென்று பஞ்சாகி, ஆறியதும் சரியானால் ஆயில் கொதித்து ஆவியாகிறது என்று பொருள். திறந்து வைத்த பாட்டிலை அடுத்த மழைக்காலத்துக்குச் சேமிக்காதீர்கள்.

ஏர் எடுக்கும் முன் ஷூக்களை மறுபடி இறுக்கிப் பூட்டுங்கள். பிஸ்டன்கள் வெளியே நகர இடமில்லாமல், காற்று ஒளிந்துகொள்ளும் இடம் குறையும். வேலை முடிந்ததும் மறக்காமல் தளர்த்த வேண்டும். காற்றை வெளியேவிடும் திருகான நிப்பிள் எந்த நிலையில் இருக்கிறது என்றும் பாருங்கள். சிலிண்டரின் உச்சியில் இருக்க வேண்டும். இடது வலது மாற்றி மாட்டினால் நிப்பிள் அடியில் வந்துவிடும், காற்று மேலேயே தங்கிவிடும். இந்த ஒரு தவற்றால் லிட்டர் லிட்டராக ஆயில் வீணாவது உண்டு.

1. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள், பெடல் அடிவரை போகாதபடி. பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத பகுதி துருப்பிடித்திருக்கும். முழு மிதி மிதித்தால் கப்பின் உதடு அங்கே கிழியும். நேற்றுவரை ஓரளவு இருந்த பிரேக், ஏர் எடுத்த மறுநாள் முழுதாகப் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

2. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்குங்கள். வலப்பக்க ஸ்டீயரிங் வண்டியில் பெரும்பாலும் இடது பின், வலது பின், இடது முன், வலது முன். மேனுவல் வேறு வரிசை சொன்னால் அதைப் பின்பற்றுங்கள்.

3. நிப்பிளில் தெளிவான பிளாஸ்டிக் குழாய் மாட்டி, மறுமுனையைப் பாதி ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க வையுங்கள். உள்ளிருப்பவர், நீங்கள் "மிதி" என்றதும் மெல்ல மிதிக்க வேண்டும். நீங்கள் நிப்பிளை அரைச் சுற்று திறந்து, பெடல் கட்டையைத் தொடும் முன் மூடுங்கள். அதன் பிறகே "விடு". மூன்று நொடி பொறுத்து அடுத்தது. வேகமாகப் பம்ப் அடித்தால் குமிழ் உடைந்து நுரையாகி வெளியே வராது.

4. பிரேக் ஆயில் டேங்க் பாதிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். இறங்கினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பழைய ஆயிலை முழுதாக மாற்ற ஒரு லிட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், காற்று மட்டும் என்றால் அரை லிட்டர் போதும். குழாயில் வெளிவந்த ஆயிலை மறுபடி டேங்கில் ஊற்றக்கூடாது. பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். பிரிட்டிஷ் வம்ச வண்டியில் மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டு நிப்பிளை மழுங்கடிக்காதீர்கள், அங்குல அளவு வேண்டும். பத்மினிக்கு மில்லிமீட்டர்.

டிஸ்க்கோ சர்வோவோ இருந்தால்

முன்னால் டிஸ்க் போட்ட வண்டியில், வளைவு திரும்பிய உடனே முதல் மிதி மட்டும் ஆழமாக இருந்தால் வீல் பேரிங் ஆட்டமோ டிஸ்க் நெளிவோ, டிஸ்க்கை இரு பக்கமும் பிடிக்கும் பேடைப் பின்னுக்குத் தள்ளுகிறது. 0.1 மி.மீ.-க்கு மேல் நெளிவு இருந்தால் டிஸ்க்கைக் கவனிக்க வேண்டும். டிஸ்க் பக்கத்துக்கு 10 பி.எஸ்.ஐ. செக் வால்வு ஆகாது, பேட் உரசிக்கொண்டே இருக்கும்.

வேக்குவம் சர்வோ (எஞ்சினின் உறிஞ்சலால் மிதிக்குப் பலம் சேர்க்கும் கருவி) உள்ள வண்டியில் எஞ்சினை அணைத்து ஐந்து முறை மிதித்துவிட்டு, பெடலைப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்று இறங்குவது இயல்பு. ஆயில் குறைகிறது, எங்கும் ஈரமில்லை, ஆனால் சைலன்சரில் வெண்புகை என்றால் சர்வோ வழியாக எஞ்சின் அந்த ஆயிலைக் குடிக்கிறது. அந்த வண்டியை ஓட்டாதீர்கள்.

ரோட்டுக்கு எடுக்கும்போது

நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் முழு பலத்தோடு பெடலைப் பிடித்து, இறங்கவில்லை என்று உறுதிசெய்த பிறகே நகருங்கள். ஞாயிறு விடியற்காலை, ஆளில்லாத லேஅவுட் ரோடு, 20 கி.மீ. வேகம், ஹேண்ட் பிரேக்கில் கை. ஐந்தாறு முறை நிறுத்திப் பார்த்து, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு ஐந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு டிரம்முக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே ஷூ இறுக்கம்.

புது லைனிங் என்றால் முதல் 200, 300 கி.மீ. வரை சூடேற அழுத்தாமல் ஓட்டுங்கள். உயர்ந்த புள்ளிகள் தேய்ந்து லைனிங் டிரம்மோடு படியும்போது பெடல் சற்று இறங்கும், அது கோளாறு அல்ல. 500 கி.மீ. ஆனதும் ஷூக்களை ஒரு முறை நெருக்கி, முதலில் எடுத்த நான்கு அளவுகளையும் மறுபடி எடுத்து, தேதியோடும் கிலோமீட்டரோடும் எழுதி டேஷ்போர்டு பெட்டியில் வையுங்கள். மாதம் ஒரு முறை அளந்தால் போதும். இரண்டு மூன்றாயிரம் கி.மீ. ஓடிய பிறகு 10 மி.மீ. கூடியிருந்தால் லைனிங் தேய்மானம், அட்ஜஸ்ட் செய்யுங்கள். பேஸ்மென்ட்டில் நின்றிருந்த ஒரே வாரத்தில் 10 மி.மீ. கூடியிருந்தால் கசிவோ காற்றோ புகுந்திருக்கிறது. டேங்க் மூடியைத் திறந்து ஆயில் மட்டம் பார்க்காமல் சாவியைத் திருப்பாதீர்கள்.